கோடு கீற முதல்

"என்ன நிறம் அடிக்கிறதா யோசிச்சிருக்கிறீங்கள்?"
நான் கதிரையில் இருக்க முதலே கேட்டார் ஜெயரூபன்.
எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.
நிறம் கடைசி, என்றேன்.
இன்றைக்கு ஒரு கோடும் கீற மாட்டேன்.
பென்சிலை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தேன்.

உவர்மலை. ஏற்றம் முடிகிற ஒழுங்கை.
கச்சான் காற்று மதியத்தை வறுத்துக்கொண்டிருந்தது.
நாடாவை இழுத்தேன்:
கூடம் பதினான்குக்குப் பன்னிரண்டு,
குசினி எட்டுக்கு ஒன்பதரை,
ஏழு யன்னலில் நாலின் பிணைச்சல்
உப்பில் இறுகித் திறக்க மறுத்தது.
எழுதிக்கொண்டேன்: பித்தளை. இரும்பு வேண்டாம்.

பிறகு கேள்விகள்.
யார் முதலில் எழும்புவது.
யாருடைய செருப்பு எந்த மூலையில் கழரும்.
மீனை நின்றபடி வெட்டுவதா, இருந்தபடியா.
சண்டை வழக்கமாக எந்த அறையில்.
சிரித்தார்.
"அதுக்கும் இடம் விடுவீங்களோ?"
விடாவிட்டால் அது
படுக்கையறையில் போய்ப் படுத்துக்கொள்ளும், என்றேன்.
சிரிப்பு நின்றது.
இன்னும் ஏதும் ஞாபகம் வந்தால் எழுதுங்கள் என்று
தாள் இரண்டு கொடுத்தேன்.

மகன் அபிரதன், பத்து வயது,
கேளாமலே தன் தேவைகளை எழுதித் தந்தான்.
ஒன்று: மான் பார்க்க ஒரு யன்னல்.
இரண்டு: மான் உள்ளே வராத படலை (அம்மாவுக்காக).
மூன்று: மான் உள்ளே வரக்கூடிய படலை
(அம்மாவுக்குக் காட்ட வேண்டாம்).
ஒன்றையும் வெட்டாமல் கோப்பில் வைத்தேன்.

தயாளினியை வீட்டில் வைத்துக் கேட்கக் கூடாது.
ஒருவர் முன்னால் மற்றவர் சொல்வது
மரியாதை; தேவை அல்ல.
ஆசுபத்திரி கன்ரீனில்
வேலை தொடங்க முதல் இருபது நிமிடம் தந்தாள்.
இரவு வேலை வந்தால் பகலில் இருட்டு வேண்டும்.
யூனிபோம் தனியாகத் தோய்க்கத் தொட்டி.
மிக்சிச் சத்தம் தாண்டாத சுவர்.
சொல்லி முடித்து
பிளேன்டீயை ஒருமுறை சுழற்றினாள்.
"வாசலுக்குள்ள வந்தவுடன
ஒருத்தரும் ஒண்டும் கேக்காத
சின்ன இடம் ஒண்டு வருமோ?
கொஞ்ச நேரம் இருந்திட்டு
பிறகு அம்மாவா உள்ளுக்குப் போயிடுவன்."
எத்தனை அடி என்றேன்.
இரண்டு கையையும் விரித்தாள்,
பிறகு குறைத்தாள்,
இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.

ஜெயரூபனின் தாள்,
இரண்டாம் பக்கம், அடியில்:
"படலையடியில் ஒரு லைட்.
வேலையால் வந்து ஸ்கூட்டியிலேயே இருக்கிறாள்.
பதினொரு நிமிடம். சிலநாள் கூட.
போனில் யாரோடு கதைக்கிறாளோ தெரியாது.
நான் உள்ளே வெளிச்சத்தை நூர்த்துவிட்டுப்
பார்த்துக்கொண்டிருப்பேன்."

சொல்லலாமா?
கேட்டதைக் காவிக்கொண்டு போவதற்குப் பெயர் கோள்.
வட்டம்தான் போடலாம்.
வட்டத்துக்கு அளவில்லை, சுவர் இல்லை;
எது எதன் பக்கத்தில் என்பது மட்டும்.
கூடம் பெரிது. குசினி அதை உரசியபடி.
படுக்கையறை, எல்லாவற்றுக்கும் அப்பால், இருட்டாக.
படலைக்கும் கூடத்துக்கும் நடுவே
ஒரு நாணயத்தை வைத்துச் சுற்றினேன்.
அதற்குப் பெயர் எழுத வரவில்லை.

பத்து நாளில் பட்டியல் தயார்.
இருவரும் ஒப்பமிட்டால்தான் பென்சில்.
பதினேழாவது:
நுழைவில் ஓர் இருக்கை, மூன்றடிக்கு இரண்டு.
மங்கல் விளக்கு.
சுவிட்ச், இருப்பவர் கைக்கு எட்டும் இடத்தில் மட்டும்.
பயன்பாடு: பதினொரு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
நான் ஒன்றும் எழுதவில்லை.

அவருடைய விரல் அந்த வரியில் நின்றது.
தயாளினி அடுத்த பக்கத்தைப் பார்ப்பவள்போல
வெறும் தாளைப் பார்த்தாள்.
இறுகிய யன்னல் ஒன்றைக் காற்று தட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"பதினொண்டு காணுமோ?"
என்னைக் கேட்கவில்லை.

அவள் தொண்டையைச் செருமினாள்,
சொல் வரவில்லை.

"இருவது எண்டு போடுங்கோ," என்றான் அபிரதன்,
மானுக்கும் சேர்த்து.